றால் கோதுப் படலத்தில் புரதம் ஒட்டியிருக்கிறதா? எக்ஸ் கதிர் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறை

திருகோணமலையில் றால் கோதுக்குப் பஞ்சமில்லை. அதிலிருந்து கைற்றோசான் எடுத்து, காயத்துக்குப் போடும் படலம் செய்து பார்க்கும் மாணவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: இரத்தப் புரதம் படலத்தின் எந்த இடத்தில் ஒட்டியது?

சாதாரண நுணுக்குக்காட்டியில் உருவம் தெரியும், இரசாயனம் தெரியாது. மென் எக்ஸ் கதிரின் (சக்தி குறைந்த எக்ஸ் கதிர்) சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு காபன் பிணைப்பும் தனக்குரிய சக்தி வந்ததும் கதிரை நன்றாக உறிஞ்சும். புரதத்தின் பெப்ரைட்டுப் பிணைப்புக்கு அது சுமார் 288.2 இலத்திரன் வோல்ட்டு. சிக்கல் என்னவென்றால், கைற்றோசானில் மிஞ்சியிருக்கும் அசற்றைல் கூட்டமும் ஏறக்குறைய அங்கேயே உறிஞ்சும். அதனால் நாம் நம்பவேண்டியது, உறிஞ்சலை வரைபடமாகப் போட்டால் 285 அருகே வரும் சின்ன மேட்டை. புரதத்திலுள்ள பீனைல் அலனின், தைரோசின் போன்றவற்றின் வளையங்கள் தருவது அது. கைற்றோசானில் அப்படி வளையம் கிடையாது.

படி 1: எந்தக் கருவி? கதிர் ஊடுருவிப் போகும் வகை படலத்தின் முழுத் தடிப்பையும் சேர்த்தே காட்டும். ஈரமான மாதிரிக்கு அது நல்லது. கதிர் பட்டு வெளிவரும் இலத்திரன்களைக் கொண்டு படமெடுக்கும் வகையோ மேலேயுள்ள 10 நனோமீற்றர் அளவை மட்டும் பார்க்கும். நமக்கு மேற்பரப்புத்தான் வேண்டும், ஆகவே இரண்டாவது. மாதிரி வெற்றிடத்துக்குள் போவதால் உலர்ந்திருக்கவேண்டும்.

படி 2: படலம். கைற்றோசானை 1% அசற்றிக் அமிலத்தில் கரைத்து, நகத்தளவு சிலிக்கன் துண்டில் சுழற்றிப் பூசுங்கள். 50 நனோமீற்றருக்கு மேல் போகவேண்டாம்; தடித்த படலத்தில் மின்னேற்றம் தேங்கிப் படம் கலங்கும். காய்ந்ததும் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் ஒருமுறை தோயுங்கள், இல்லாவிட்டால் அடுத்த படியில் தண்ணீரிலேயே கரைந்துவிடும். பூசாத சுத்தமான துண்டு ஒன்றையும், புரதம் படாத படலம் ஒன்றையும் ஒதுக்கி வையுங்கள்.

என் முதல் படலத்தை வாடைக் காற்றுக் காலத்தில் கடல் பக்க ஜன்னலோரம் காயவைத்தேன். மறுநாள் பார்த்தால் குட்டிக் குட்டிச் சதுரங்கள். எல்லாம் உப்பு! மூடிபோட்ட கண்ணாடித் தட்டுக்குள் காயவிடுங்கள்.

படி 3: புரதம். பைபிரினோசன் (இரத்தம் உறைய உதவும் புரதம்) கரைசலில் 20 நிமிடம் போதும். அப்புறம் இடுக்கியால் சட்டென்று தூக்கிவிடாதீர்கள். ஆறிய பாலில் ஆடை படிவதுபோல் கரைசலின் மேலும் புரத ஆடை படிந்திருக்கும். தூக்கும்போது அது அப்படியே படலத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எது தானாக ஒட்டியது, எது ஆடை என்று சொல்லவே முடியாது. சுத்தமான தண்ணீரை ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, கரைசல் வெறும் தண்ணீராகும்வரை மாற்றுங்கள். துண்டு எந்நேரமும் மூழ்கியே இருக்கட்டும். கடைசியில்தான் வெளியே எடுக்கவேண்டும்.

படி 4: கதிர். இதற்கு சிங்க்ரோட்ரோன் வேண்டும்; இலத்திரன்களை வட்டமாக ஓடவிட்டுச் செறிவான எக்ஸ் கதிர் எடுக்கும் பெரிய இயந்திரம் அது. இலங்கையில் இல்லை. பக்கத்தில் என்றால் இந்தியாவின் இந்தூரில் இந்தஸ்-2, தாய்லாந்தின் நக்கோன் ராட்சசிமாவில் ஒன்று. நேரம் கேட்டு விண்ணப்பிக்குமுன், உங்களுக்கு வேண்டிய நுணுக்குக்காட்டி அங்கே இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். 280 இலத்திரன் வோல்ட்டிலிருந்து 300வரை, ஒவ்வொரு சக்திக்கும் ஒரு படமாக எடுக்கலாம். 284க்கும் 290க்கும் இடையில் 0.1 இடைவெளி, மற்ற இடங்களில் அதைவிடப் பெரிதாக. முடிவில் சீட்டுக்கட்டுப்போல் ஒரு படக்கட்டு கையில் இருக்கும்.

படி 5: வகுத்தல். கதிர் வரும் வழியிலுள்ள ஆடிகளிலும் காபன் படிந்திருக்கும். அதுவும் 285 அருகே ஒளியைத் தின்றுவிடும். சுத்தமான சிலிக்கன் துண்டின் நிறமாலையால் வகுக்காவிட்டால், உங்கள் மேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் தெரியும். மான்டிஸ் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம்.

படி 6: சந்தேகப்படுதல். கதிரே கைற்றோசானைச் சிதைத்துப் புதிய இரட்டைப் பிணைப்புகளை உண்டாக்கும். அவையும் 285இல்தான் வந்து நிற்கும், வேறு இடமே கிடைக்காததுபோல! படக்கட்டு எடுக்குமுன் 285இல் ஒரு படம், முடிந்தபின் அதே இடத்தில் இன்னொன்று. இரண்டாவதில் மேடு உயர்ந்திருந்தால் கதிரைக் குறைத்து, தொடாத இடமொன்றில் மறுபடி தொடங்குங்கள். புரதம் படாத படலத்துக்கும் அதே அளவு கதிர் கொடுங்கள். அதில் 285 தட்டையாகவே இருந்து, மற்றதில் மட்டும் மேடு எழுந்தால், அந்த இடங்களைப் புரதம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டலாம்.