தற்செயலும் கற்பனையும்: தரவு சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களஆய்வுப் படிவங்களைச் சரிபார்க்கும் பணிக்குப் புதிதாக வருவோரிடம் நான் இரண்டு தாள்களைக் கொடுப்பது வழக்கம். ஒன்று, நாணயத்தை உண்மையாகவே 200 முறை சுண்டி எழுதியது. மற்றொன்று, சுண்டாமல் மனம்போன போக்கில் எழுதியது. எது போலி என்று கேட்டால், பெரும்பாலானோர் உண்மையான தாளையே சுட்டிக்காட்டுகிறார்கள். அதே தவற்றை நானும் செய்து, அதன் விளைவையும் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். கூட்டல் பிழை, ஒரே படிவத்தைப் படியெடுத்து நிரப்புவது போன்றவை எளிதில் கண்ணில் பட்டுவிடும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

நீண்ட தொடரைக் கண்டதும் பொய் என்று முடிவுகட்டுவது

ஒரு கணக்கெடுப்பில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் அவ்வீட்டு ஆணிடமும் பூ விழுந்தால் பெண்ணிடமும் பேச வேண்டும் என்பது விதி. ஒரு பெண் கணக்கெடுப்பாளரின் 200 வீட்டுப் பட்டியலில் ஓரிடத்தில் தொடர்ந்து 8 முறை பூ விழுந்திருந்தது. ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் சென்றுவிட்டு வசதிக்கேற்ப எழுதியிருக்கிறார் என்று நானே ஒரு காரணத்தையும் கற்பித்துக்கொண்டு, அந்த 200 படிவங்களையும் தள்ளிவிட்டேன். "நாணயம் அப்படித்தான் சார் விழுந்தது" என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போனார்.

அதே வாரம், தலையும் பூவும் அழகாக மாறி மாறி வந்த இன்னொருவரின் பட்டியலை ஏற்றுக்கொண்டேன். மாதங்கள் கழித்து மறுசரிபார்ப்புக்குப் போனபோது, அந்தப் பட்டியலில் இருந்த பல வீடுகளில் யாருமே வந்து கேட்கவில்லை என்றார்கள்.

கணக்கைப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. 200 முறை சுண்டினால், ஒரே பக்கம் 6 முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழும் இடம் ஒன்றாவது இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 96 சதவீதம். 8 முறை தொடர்வதற்கே ஏறத்தாழ பாதி வாய்ப்பு உண்டு. மனத்திலிருந்து எழுதுபவரோ மூன்று முறை தலை எழுதியதும், போதும் என்று தோன்றிப் பூவுக்குப் போய்விடுகிறார். ஆகவே மிக நீண்ட தொடர் எது என்பதோடு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதையும் எண்ண வேண்டும். 200 சுண்டல்களில் மாற்றங்கள் 100-ஐ ஒட்டியே இருக்கும். 86-க்கும் 114-க்கும் இடையில் இருந்தால் வியப்பில்லை. நான் ஏற்றுக்கொண்ட பட்டியலில் 125 மாற்றங்கள் இருந்தன. அதன் மிக நீண்ட தொடர் வெறும் 4. அதை அன்றே எண்ணாமல் விட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கொத்தாகத் தெரிவதற்கெல்லாம் காரணம் தேடுவது

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது விழுந்த ஜெர்மானிய வி-1 பறக்கும் குண்டுகள் சில பகுதிகளையே குறிவைப்பதாகப் பலர் நம்பினர். காப்பீட்டுக் கணக்கியலாளர் ஆர். டி. கிளார்க் 1946-இல் வெளியிட்ட கணக்கில், தெற்கு லண்டனின் ஒரு பரப்பை 576 சம கட்டங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளை எண்ணினார். ஒரு குண்டும் விழாத கட்டங்கள் 229. குறியின்றி விழுந்திருந்தால் பாய்சான் பரவலின்படி (தற்செயல் நிகழ்வு ஓரிடத்தில் எத்தனை முறை நேரும் என்று கணக்கிடும் சூத்திரம்) எதிர்பார்க்க வேண்டியவை சுமார் 227. வெற்றிடமும் கொத்தும் தற்செயலிலேயே உண்டு. ஏறத்தாழ எல்லாக் கட்டங்களிலும் ஒவ்வொன்று என்று சீராக விழுந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பென்ஃபோர்டு விதியை எல்லா எண்களிலும் பொருத்துவது

முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30 சதவீதம் என்னும் அந்த விதி, ஊர்களின் மக்கள்தொகை போலப் பத்து, நூறு, ஆயிரம் என்று பரந்து விரியும் எண்களுக்கு உரியது. பெரியவர்களின் உயரத்துக்குப் பொருந்தாது.

ஒரே சோதனையை வைத்துக் குற்றம் சாட்டுவது

எண்கள் தற்செயலாகச் சராசரியிலிருந்து விலகும் வழக்கமான அளவே திட்டவிலக்கம். மேலே சொன்ன 86–114 என்பது சராசரிக்கு இருபுறமும் ஏறத்தாழ இரண்டு திட்டவிலக்கம். அத்தகைய வரம்புக்கு வெளியே, நேர்மையான 100 பேரிலும் ஏறத்தாழ 5 பேர் வருவார்கள்.

0, 5 மிகுந்த வயதுப் பட்டியலைப் பொய் என்பது

பிறந்த தேதி நிச்சயமாகத் தெரியாத பெரியவர்கள் 40, 45, 50 என்று முழுமையாக்கிச் சொல்வது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் நீண்ட காலமாகக் காணப்படும் வழக்கம். கடைசி இலக்கங்கள் சமமாகப் பரவ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கே செல்லாது. பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் நிறைந்த ஒரு கிராமத்துப் பட்டியலில் 43, 47, 52, 58 என்று வயதுகள் சீராகப் பரவியிருந்தால், நான் முதலில் அந்தக் கிராமத்துக்குத்தான் பேருந்து ஏறுவேன்.