ஆர்ச் லினக்ஸ்ல பேக்கேஜ் பண்றீங்களா, டபுள் கோட்ஸ் (மேற்கோள் குறி) போட மறக்காதீங்க

பேக்கேஜ எப்படி உருவாக்கணும்னு சொல்ற பிகேஜிபில்ட் (PKGBUILD) ஃபைல் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் தான், பேக்கேஜ உருவாக்கற மேக்பிகேஜி (makepkg) கமாண்ட் அத அப்படியே சோர்ஸ் பண்ணி, அதாவது தனக்குள்ள படிச்சு, ஓட்டும், அதனால ஷெல்ல வர்ற சிக்கல் எல்லாம் இங்கயும் வரும். முக்கியமா சோர்ஸ் இருக்கற ஃபோல்டர குறிக்கற எஸ்ஆர்சிடிர் (srcdir), பேக்கேஜுக்குள்ள போற ஃபைல் எல்லாம் சேர்ற ஃபோல்டர குறிக்கற பிகேஜிடிர் (pkgdir) ரெண்டு வேரியபிளையும் எங்க எழுதினாலும் டபுள் கோட்ஸ்க்குள்ள போடுங்க, ஏன்னா யாராவது பேர்ல ஸ்பேஸ் இருக்கற ஃபோல்டர்ல பில்ட் பண்ணா பாத் ரெண்டா உடைஞ்சு கமாண்ட் வேற எதையோ போய் தொடும், நம்ம மெஷின்ல ஓடுதேன்னு விட்டா மாட்டறது அடுத்தவங்க தான்.

பில்ட் ஃபங்ஷன்ல கம்பைல் மட்டும். இன்ஸ்டால் வேலை பேக்கேஜ் ஃபங்ஷன்ல, மேக்ஃபைல் இருக்கற ப்ராஜெக்ட்னா அங்க இன்ஸ்டால் ஆகற இடத்த மாத்தற டெஸ்ட்டிர் (DESTDIR) வேரியபிளுக்கு பிகேஜிடிர குடுக்கணும், இல்லேன்னா ஃபைல் எல்லாம் நேரா சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள போகப் பாக்கும். மேக்பிகேஜிய ரூட்டா, அதாவது அட்மின் யூசரா, ஓட்டாதீங்க, அதுவே விடாது. கடைசியா பேக்கேஜ்ல தப்பு இருக்கான்னு பாக்கற நேம்கேப் (namcap) டூல ஓட்டிப் பாருங்க, விட்டுப்போன டிபெண்டன்சி (இது ஓடத் தேவையான மத்த பேக்கேஜ்) நிறைய அதுலயே தெரிஞ்சிரும்.