முதலில் வரும் நூற்றைம்பது ரூபாய்

உறைபனி விழும் மாதங்களில் தேயிலைக் கொழுந்து குறைந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் காட்டேஜ்களில் ஆள் இருக்காது. ‘வீட்டில் இருந்தபடியே தினம் 2,000 ரூபாய்’ என்ற செய்தி நீலகிரியின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் ஆண்டு முழுவதும் வருகிறது. நம்பிப் பார்க்கலாமே என்று தோன்றுவது மட்டும் இந்த மாதங்களில்தான். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. ஒரு மணி நேரமும் ஒரு பேப்பரும் போதும்.

பேப்பரில் முதலில் மூன்று விடைகளை எழுதுங்கள். இந்த வேலைக்குக் கடைசியில் காசு கொடுப்பவர் யார்? அவருக்கு இதனால் என்ன லாபம்? என் கையிலிருந்து எந்தக் கட்டத்திலாவது பணம் போக வேண்டுமா?

ஆன்லைன் டியூஷன் என்றால் பிள்ளையின் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். ஊட்டி வர்க்கியையோ தைலத்தையோ இணையத்தில் விற்றால் வாங்குகிறவர் தருகிறார். மூன்று கேள்விக்கும் ஒரே வரியில் விடை வந்துவிடும். ‘ஓட்டலுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் 50 ரூபாய்’ என்பதில் முதல் கேள்விக்கே விடை கிடைக்காது. அறையின் படுக்கையைக்கூடப் பார்க்காதவர் போடும் ஸ்டாருக்கு எந்த ஓட்டல்காரர் காசு தருவார்? ஊட்டியில் விடுதி நடத்தும் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டாலே போதும், சிரித்துவிடுவார்.

ஆனால் பணம் உண்மையிலேயே வரும். சந்தேகப்பட்டவர்களும் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத எண், பல நேரம் 62, 84 என்று தொடங்கும் வெளிநாட்டு எண், வேலை தருவதாகச் சொல்லும். மூன்று ஓட்டலுக்கு ஸ்டார் போட்டதும் 150 ரூபாய் கணக்கில் ஏறும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே நூறு பேர் ‘எனக்கு வந்துவிட்டது’ என்று ஸ்கிரீன்ஷாட் போட்டபடி இருப்பார்கள். பெரும்பாலும் அத்தனையும் அவர்களுடைய ஆட்கள்தான். அடுத்து ‘பிரீபெய்டு டாஸ்க்’: 1,000 கட்டினால் 1,300 திரும்பி வரும், வந்தும்விடும். 5,000 கட்டச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வருமானம் அவர்களுடைய செயலியின் திரையில் மட்டும் ஏறும், வங்கிக் கணக்குக்கு வராது. எடுக்கப் போனால் ‘ஒரு டாஸ்க் தவறிவிட்டது, கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது, 30,000 கட்டிச் சரிசெய்யுங்கள்’ என்பார்கள். கட்டினால் வரி, வரி கட்டினால் செக்யூரிட்டி டெபாசிட். ஏற்கெனவே போட்ட பணத்தை மீட்க நினைத்தே ஆள் மேலும் கட்டுகிறார், தொகை லட்சத்தைத் தொடுகிறது.

எனவே ‘சின்னத் தொகையை எடுத்துப் பார்த்தேன், வந்தது’ என்பது சோதனையே ஆகாது. அந்த 1,300 ரூபாய் அவர்களுக்குத் தூண்டில் புழுவுக்கான செலவு. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பணம் வேறொரு ஏமாந்தவரின் கணக்கிலிருந்து வந்ததாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் போலீஸ் அந்தப் பணம் போன தடத்தைப் பிடித்து வந்து உங்கள் கணக்கையும் முடக்கலாம். 150 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, தேயிலைப் பணம் வந்து விழும் கணக்கு மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கலாம்.

உண்மையான வரி வருமான வரித் துறைக்குப் போகும், அல்லது சம்பளத்திலேயே பிடிக்கப்படும். ‘உங்கள் பணத்தை விடுவிக்க முதலில் வரி கட்டுங்கள்’ என்று தனியாள் கணக்குக்குக் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எண்களைப் படிக்கும் முறை

பதிவுச் சான்றிதழ் என்று ஒரு படம் அனுப்புவார்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள், அதில்தான் பொய் மாட்டும்.

நிறுவனப் பதிவு எண்ணில் 21 இடங்கள் உண்டு. முதலில் ஓர் எழுத்து, அடுத்து ஐந்து இலக்கம், அடுத்து மாநிலத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அதை அடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. ‘15 ஆண்டு அனுபவம்’ என்கிறவர்களின் எண்ணில் போன ஆண்டு இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஆறாவது இடத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: கம்பெனி என்றால் ‘சி’ (C), தனிநபர் என்றால் ‘பி’ (P). ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பலகை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் ‘பி’ இருந்தால் அது யாரோ ஒரு தனி மனிதரின் எண். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே எண்ணைப் போட்டுத் தேடலாம். பெயர், முகவரி, எண் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும்.

எல்லாம் பொருந்தினாலும் முடியவில்லை. நல்ல நிறுவனத்தின் சான்றிதழைத் திருடி அனுப்புவது சாதாரணம். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தை நீங்களே தேடிப் பிடித்து, அதிலுள்ள எண்ணுக்கு அழைத்து ‘இந்த ஆள் உங்களுடையவரா’ என்று கேளுங்கள். செய்தியில் வந்த எண்ணுக்கு அழைத்தால் திருடனிடமே சாட்சி கேட்டது போலாகும்.

இன்னொன்று: நிறுவனமாகப் பதிவு செய்ததாலேயே பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க உரிமை வந்துவிடாது. அந்த உரிமை இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பார்க்கலாம், அங்கேயே புகாரும் கொடுக்கலாம். பங்குச் சந்தை ஆலோசனை என்றால் அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு எண் வேண்டும். முதலீட்டு ஆலோசகருக்கு அது ‘ஐஎன்ஏ’ என்றும், பங்குகளை ஆராய்ந்து பரிந்துரைக்கும் ஆய்வாளருக்கு ‘ஐஎன்ஹெச்’ என்றும் தொடங்கும். செபி தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பதிவு பெற்றவர் இவ்வளவு லாபம் நிச்சயம் என்று சொல்லவே கூடாது. சொன்னால் பதிவு இல்லை, அல்லது இருக்கும் பதிவைக் காப்பாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

‘நாளுக்கு ஒரு சதவீதம்தான், பேராசை இல்லை’ என்பார்கள். கிடைப்பதை அப்படியே திரும்பப் போட்டு வந்தால் 10,000 ரூபாய் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 3,77,800 ஆக வேண்டும். எந்தத் தொழிலிலும் இது நடக்காது. பின்னால் வருகிறவர் போடும் பணம்தான் முன்னால் வந்தவருக்கு வட்டியாகப் போகிறது.

‘ஐந்து பேரைச் சேர்த்துவிடுங்கள்’ என்றால் இன்னும் எளிது. 5, 25, 125 என்று பெருக்கிக்கொண்டே போங்கள். எட்டாவது அடுக்கில் 3,90,625 பேர். ஒன்பதாவது அடுக்குக்கு 19,53,125 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7,35,394. சங்கிலி எந்த அடுக்கில் அறுந்தாலும் ஐந்தில் நான்கு பேர் கடைசி வரிசையில், கீழே ஆள் இல்லாமல் நிற்பார்கள். ஹட்டியில், அதாவது படகர் ஊரில், எல்லோரும் சொந்தக்காரர்கள் என்பதால் பணத்தோடு உறவும் போகும். இப்படிப்பட்ட பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. 2021 நேரடி விற்பனை விதிகளின்படி உண்மையான நேரடி விற்பனை நிறுவனம் சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

மலைக்கென்று வரும் இரண்டு

சிக்னல் கிடைக்காத ஊர் என்பதால் ‘உங்கள் தோட்டத்தில் டவர் வைக்கிறோம், முன்பணம் 20 லட்சம், மாத வாடகை 30,000’ என்ற செய்தியை நம்பிவிடத் தோன்றும். அதோடு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் பெயரில் தடையில்லாச் சான்று வரும், பிறகு ‘பதிவுக் கட்டணம்’. டிராய் அப்படிச் சான்று தருவதில்லை என்று அந்த அமைப்பே பலமுறை அறிவித்திருக்கிறது. டவர் நிறுவனம் நிலத்துக்காரருக்கு வாடகை கொடுக்கும், அவரிடம் கட்டணம் கேட்காது.

அடுத்தது ஹோம்ஸ்டே முன்பதிவு. வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்திலேயே இருப்பதால், ராணுவ அதிகாரி என்று ஒருவர் இந்தியில் பேசி மூன்று அறை கேட்டால் குன்னூரில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. அடையாள அட்டைப் படமும் வரும். பிறகு ‘ராணுவக் கணக்கிலிருந்து அனுப்ப இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் போடுங்கள், இரண்டாகத் திரும்பும்’ என்பார். திரும்பும். அடுத்த க்யூஆரில் முழுத் தொகை இருக்கும். பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். பின் போடுவது பணம் கொடுக்க மட்டுமே. கணக்கு எண்ணைக் கொடுத்து, பணம் ஏறியது வங்கிச் செயலியிலேயே தெரிந்த பிறகு அறையை ஒதுக்குங்கள். மொத்தமாகப் பூண்டோ சாக்லேட்டோ கேட்டு வரும் ‘வியாபாரி’க்கும் இதே பதில்தான்.

டேட்டா என்ட்ரி வேலையில் மிரட்டல் வேறு மாதிரி. 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டு, வேலையை முடித்ததும் ‘தேறவில்லை, அபராதம் கட்டு, இல்லையேல் கோர்ட்’ என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரும். கட்டாதீர்கள். அந்த நோட்டீஸையே புகாரில் சேருங்கள்.

வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் வாடகைக்குக் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். கல்லூரிப் பையன்களைக் குறிவைத்து ‘சும்மா கிடக்கும் கணக்குக்கு மாதம் 5,000’ என்பார்கள். திருட்டுப் பணம் அதன் வழியாகப் போனால் வழக்கில் முதல் பெயர் கணக்கு வைத்திருப்பவருடையது.

பணம் போய்விட்டால்

அடுத்த சில நிமிடங்கள்தான் முக்கியம். சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், பிஸியாக இருந்தால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள். அதே நேரம் வீட்டில் இன்னொருவர் வங்கிக்கு அழைக்கட்டும். கையில் இருக்க வேண்டியவை: எந்த வங்கியிலிருந்து போனது, தொகை, நேரம், யுபிஐ செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். பல தவணையாகப் போயிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தகவல் சேர்ந்தால் அங்கேயே நிறுத்தி வைக்க முடியும். குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள், முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகும்போது அது வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முன்கூட்டியே’ என்று ஒருவர் அழைப்பார். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அவரும் அதே கூட்டம்தான்.