மழை விட்ட காலையில் ஜியோகேஷிங்: முதல்முறை போகிறவர்களுக்கு

"காலையில கேஷ் எடுக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் ஏடிஎம் கார்டை எடுத்து நீட்டுகிறார்கள். தண்டையார்பேட்டையில் இந்த விளையாட்டுக்கு இன்னும் அவ்வளவுதான் மரியாதை. இந்தக் கேஷ் பணமில்லை, டப்பா. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டிருப்பார். நீங்கள் போனில் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே போய், டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். விளையாட்டு இவ்வளவுதான், ஆனால் பழகிவிட்டால் விடாது.

ஆரம்பித்த கதை சுருக்கமாக. 2000 மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது, 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய மறுநாள், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு காட்டுப்பகுதியில் கறுப்பு வாளி ஒன்றை ஒளித்து வைத்து, எண்களை இணையத்தில் போட்டார். உள்ளே நோட்டு, பென்சில், சில சாமான்கள், கூடவே ஒரு டின் பீன்ஸ். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைக்கு விதிப்படி பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் கூடாது. ஏன் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும், கடைசியில் சொல்கிறேன்.

சரி, ஏன் மழைக்கு மறுநாள்? டொராண்டோவில் இருக்கும் என் சித்தி மகன் குளிர்காலத்தில்கூட இதற்குப் போவான். புதுசாகப் பனி விழுந்த காலையில் காட்டுக்குள் போனால் வெள்ளைத் தரையில் யார் வந்தார்கள், எந்த மரத்தடியில் நின்றார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று எல்லாமே எழுதி வைத்தது போல் இருக்குமாம். நமக்குப் பனி ஏது? ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறதே. இரவெல்லாம் பெய்து விடியற்காலையில் விட்ட மழை, நம் ஊர் மண்ணை அதே மாதிரி ஒரு வெற்றுத்தாளாக்கி வைத்துவிடுகிறது. காய்ந்த தரையில் பத்து நாள் தேடிக் கற்கிறதை ஈரத்தரையில் ஒரே காலையில் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

முதலில் எண்களைப் படிக்கப் பழகுங்கள்

ஜியோகேஷிங் ஆப்பைப் போனில் இறக்கி, கணக்குத் தொடங்கி, வரைபடத்தைத் திறந்தால் புள்ளிகள் தெரியும். சில பெட்டிகள் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும், அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும்: கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், போய்ச் சேர எவ்வளவு கஷ்டம். இரண்டுமே 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். முதல் தடவை இரண்டும் 1.5க்குள் இருப்பதாகப் பாருங்கள்.

இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். ஜியோகேஷிங்கில் எண்களைப் பாகையும் (டிகிரி) தசம நிமிடமுமாக எழுதுவார்கள், ஒரு பாகைக்கு 60 நிமிடம். உதாரணத்துக்கு வடக்கு 13° 09.612, கிழக்கு 080° 18.105 என்று இருந்தால் அது திருவொற்றியூர் தேரடிப் பக்கம். இதையே கூகுள் மேப்பில் 13.09612, 80.18105 என்று அடித்தீர்கள் என்றால் பாடி, முகப்பேர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். நிமிடத்தை 60ஆல் வகுத்தால்தான் சரியான 13.1602, 80.30175 வரும். ஆப்பில் நேராகப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை, வாட்ஸாப்பில் நண்பர் அனுப்பிய எண்ணை வைத்துத் தேடும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகர்கிறது, அதனால் எண்களை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், காப்பி பேஸ்ட் செய்யுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, எண்களைப் புதிராக வைப்பது. "ராயபுரம் ரயில் நிலையம் திறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைத் தசமத்துக்குப் பின்னால் போடு" என்பது மாதிரி. (1856, ஆகவே 56.) ஊர் வரலாறு பிடித்தவர்களுக்கு இது தனி போதை, ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம்.

பையில் என்ன

பென்சில். பேனா இல்லை, பென்சில். ஈரம் ஊறிய நோட்டில் பால்பாயின்ட் வழுக்கிக்கொண்டே போகும், பென்சில் எழுதும். பனி விழும் ஊரிலும் இதுதான் வழக்கமாம், அங்கே மை உறைந்துவிடுகிறது. அப்புறம் பவர்பேங்க், டார்ச், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் இரண்டு, ஒரு பழைய துண்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பு. காலில் மூடிய ஷூ. செருப்போடு வராதீர்கள், மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் புண் இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

அந்தக் கம்பு எதற்கு என்றால், பொந்திலும் கல்லுக்கடியிலும் உங்கள் கைக்கு முன்னால் அது போகவேண்டும். மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறியதும் பாம்பும் தேளும் மேட்டைத் தேடி வெளியே வந்திருக்கும். கையை விட்டுத் துழாவ வேண்டிய இடத்தில் ஒழுங்கான ஆள் யாரும் பெட்டி வைக்கமாட்டார். அப்படி வைத்திருந்தால் அதை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் உறவினருக்கு ஒரு சேதி. அங்கே காட்டுக்குள் எடுத்துப்போகும் சாட்டிலைட் மெசேஜ் அனுப்பும் கருவியை இங்கே கொண்டுவராதீர்கள், அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். போன் போதும்.

எங்கே போகக்கூடாது

வடசென்னைக்காரர்களுக்கு இது கொஞ்சம் நீளமான பட்டியல். துறைமுகச் சுவர், அனல்மின் நிலையம், எண்ணெய்க் குழாய் போகிற பாதை, ரயில்வே யார்டு, இதன் பக்கத்திலெல்லாம் போனை நீட்டிக்கொண்டு புதருக்குள் குனிந்து நிமிர்ந்தால் உங்கள் விளக்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் கண்டல் மரங்களுக்கு இடையே சேறு பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். அலையேற்ற நேரம் தெரிந்த மீனவர் யாராவது கூட இல்லாமல் அங்கே இறங்காதீர்கள். மண்ணடிச் சந்துகளும் கன்டெய்னர் அடுக்கிய இடங்களும் வேறு மாதிரித் தொல்லை: சிக்னல் சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பி வந்து, நீங்கள் நிற்கிற தெருவைவிட்டுப் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டும்.

நாங்கள் பழகியது மாதவரம் தாண்டி, நண்பனுடைய மாமா வைத்திருக்கும் ஒரு சின்ன மாந்தோப்பில். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போனோம். வரைபடத்தில் உங்கள் வீட்டுப் பக்கம் புள்ளியே இல்லை என்றாலும் கவலைப்படாதீர்கள், இப்படி அனுமதி வாங்கிய ஒரு இடத்தில் ஒருவர் ஒளிக்க மற்றவர் தேடினால் எல்லாப் பாடமும் கிடைத்துவிடும்.

கடைசிப் பத்து மீட்டர்

போனின் அம்பு உங்களை அங்கே வரைதான் கூட்டிப்போகும். திறந்தவெளியில் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும், ஈர இலை அடர்ந்த மரத்தடியில் அதுவும் தடுமாறும். தோப்புக்குள் போனதும் எங்கள் அம்பு 4 மீட்டர் என்றது, இரண்டு எட்டு வைத்தோம், 12 மீட்டர் என்றது, அப்புறம் பின்னால் திரும்பிக்கொண்டது. அதைத் துரத்தாதீர்கள். மரம் இல்லாத வெளிக்கு வந்து ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், அம்பு காட்டும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு வேறொரு பக்கம் போய் அதே மாதிரி நின்று பாருங்கள். இரண்டு மூன்று திசைகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அதைச் சுற்றித்தான் பெட்டி. இப்போது போனைப் பாக்கெட்டில் போடுங்கள். நிஜமாகவே போடுங்கள், கையில் இருந்தால் கண் அதிலேயேதான் இருக்கும்.

இனித் தரையைப் படிக்க வேண்டியதுதான். மழை பெய்து விட்ட களிமண்ணில் துளி விழுந்த குழி அம்மைத் தழும்பு மாதிரி எங்கும் நிறைந்திருக்கும். அந்தத் தழும்பு கலையாமல் இருந்தால் மழைக்குப் பிறகு அங்கே யாரும் வரவில்லை. கலைந்திருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு ஆடு.

நண்பன் அன்றைக்கு மழை விட்ட பிறகு ஆறு மணிக்கே போய் ஒளித்திருந்தான். கெட்டிக்காரன், தடம் பதியும் என்று தெரிந்து பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஐந்து மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறான். ரப்பர் செருப்புத் தடம் ஐந்து மரத்தடியிலும் ஒன்று போலவே இருந்தது. நான் ஒவ்வொரு மரமாகக் கம்பால் கிளறிக்கொண்டிருந்தேன். என் அக்கா பையன், பத்து வயது, தரையில் மண்டியிட்டுத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, இந்த மரத்துகிட்ட மட்டும் முன்பாதிதான் பள்ளமா இருக்கு, குதிகாலே பதியல" என்றான். ஆமாம். நின்றால் முழுக்கால் பதியும், குதிகாலைத் தூக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் முன்பாதம்தான் அழுந்தும். மற்ற நாலு மரத்தடியிலும் சும்மா நடந்தவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். அந்த வேரில் ஒரு உடைந்த ஓடு சாய்த்து வைத்திருந்தது. மழையில் மண் தெறித்தால் ஓட்டின் வெளிப்பக்கம் தெறிக்கவேண்டும், இதில் தெறித்த மண் முழுக்க உள்பக்கம். திருப்பி வைத்திருக்கிறான். பின்னால் ஒரு மாத்திரை டப்பா.

நடுவில் வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் நின்று, "இன்னாபா, இன்னா தேடிக்கினு கீறீங்க?" என்றார். சாவி தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லாதீர்கள், நம் ஊரில் உடனே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கூடவே தேட வந்துவிடுவார்கள், பிறகு வெட்கமாகப் போய்விடும். உள்ளதைச் சொன்னோம். "காசு கெடச்சா எனக்கும் பாதி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

திறந்த பிறகு

டப்பாவைத் திறக்குமுன் மூடியைத் துண்டால் துடையுங்கள், இல்லையென்றால் மூடியில் நிற்கும் தண்ணீர் நேராக நோட்டில்தான் விழும். பெயர், தேதி எழுதுங்கள். உள்ளே பொம்மை, சாவிக்கொத்து மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு அதே மதிப்பிலோ மேலாகவோ ஒன்று வைக்கவேண்டும். நம்பர் பொறித்த தகடு கோத்த பொருள் இருந்தால் அது பயணம் செய்யும் பொருள், உங்களுக்குச் சொந்தமில்லை, இன்னொரு பெட்டிக்குக் கொண்டுபோய் வைக்கத்தான். நோட்டு நனைந்திருந்தால் உங்கள் ஜிப் கவர் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

திரும்பும்போது உங்கள் தடமும் அடுத்தவருக்கு வழி காட்டும் என்பதை மறக்காதீர்கள். டொராண்டோ தம்பி பெட்டியைத் தாண்டி நூறு எட்டு நேராக நடந்துபோய்விட்டு வேறு வழியாகத் திரும்புவானாம். நான் உட்கார்ந்த இடத்தைக் காய்ந்த சருகால் மூடிவிடுகிறேன்.

கிடைக்கவில்லை என்றால் அதையும் ஆப்பில் பதியுங்கள். இதில் கௌரவம் பார்க்கிறவர்கள் நிறைய. பெட்டி மழையில் அடித்துக்கொண்டு போயிருக்கலாம், வைத்தவருக்கு அது தெரிய வேண்டாமா?

நீங்களே ஒளிக்க ஆசை வந்தால்

ஆப்பில் போடும் பெட்டியாக இருந்தால் இன்னொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது, இடத்துக்காரர் சம்மதம் வேண்டும், அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்கிற தூரத்தில் இருக்கவேண்டும். டப்பா ரப்பர் வளையம் வைத்து நான்கு பக்கமும் கொக்கி போடும் வகையாக இருந்தால்தான் நம் மழைக்குத் தாங்கும். வாங்கியதும் உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் கல்லை வைத்து அமுக்கிப் பாருங்கள். காலையில் பேப்பர் காய்ந்திருந்தால் பாஸ்.

நான் முதல்முதலில் ஒளித்தது அதிரசம் வைத்திருந்த டப்பா. மூன்று தடவை கழுவித்தான் வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் எறும்பு எறும்பாக வழிந்தது, நோட்டின் ஓரமெல்லாம் அரித்திருந்தது. மனிதன் மூக்குக்குத் தெரியாமல் போன வாசனை எறும்புக்குத் தெரியாமல் போவதில்லை, புது டப்பாவே வாங்குங்கள்.

முதல் பெட்டியை மொட்டைமாடியிலேயே ஒளித்துப் பழகலாம். அக்கா பையன் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நாலு நாளாகிறது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இல்லை, துளசிமாடத்துக்குப் பின்னால் இல்லை, அன்றைக்கு ராத்திரி பெய்த மழையில் தடமும் போய்விட்டது, போன் செய்து துப்புக் கேட்டால் "பதிஞ்சிடு மாமா, கிடைக்கலைன்னு" என்கிறான்.