உள்ளூர் அருங்காட்சியகத்தில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து கதை சொல்வது எப்படி?

பார்வையாளரும் பங்கெடுக்கிற கதை என்றதும் பலருக்குத் தொடுதிரைதான் நினைவுக்கு வரும். திரை இல்லாமலே இதைச் செய்யலாம். பார்க்க வந்தவர் சொன்ன ஒரு வார்த்தையாவது காட்சிக்குள் போய்ச் சேர வேண்டும், அடுத்து வருபவர் அதைப் படிக்க வேண்டும். தேவை அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தை இதற்கு முன்மாதிரியாகச் சொல்வேன். 1966-ல் நிறவெறி அரசு அந்தப் பகுதியை வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. 1994-ல் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் தொடங்கியபோது, இடிபட்ட தெருக்களின் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்தார்கள். முன்பு அங்கே குடியிருந்தவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பெயர் எழுதினார்கள். நீளமான துணியிலும் எழுதினார்கள். அந்த எழுத்துகள் அழியாமலிருக்க, பிறகு அவற்றின் மேலேயே நூலால் தைத்தார்கள். ஒரு வரைபடம், ஒரு துணி, எழுதுவதற்கு ஒரு பேனா: நாம் தொடங்க இது போதும்.

படி 1: ஒரே ஒரு பொருள்

முழு ஊரின் வரலாற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் போக வேண்டாம். சேகரிப்பிலிருந்து ஒரு பொருளை எடுங்கள். ஊரில் பலர் கையால் புழங்கியதாக அது இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பேச இரண்டு மூன்று பேராவது இன்று இருக்க வேண்டும். முக்கியமாக, அதைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த பொருளை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆகிவிடும்.

ஒரு மிதி தையல் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் போய்ப் பாருங்கள். மிதியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. இழுப்பறையில் ஒன்றோடொன்று சேராத பொத்தான்கள், பென்சிலில் அளவுகள் எழுதி மடித்த ஒரு காகிதத் துண்டு. சிங்கர் இயந்திரமாக இருந்தால் வரிசை எண்ணை வைத்துத் தயாரான ஆண்டைக்கூடக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்த அளவுகள் யாருடையவை என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது, ஊர்க்காரர் ஒருவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் கதை அங்கிருந்து தொடங்கட்டும்.

படி 2: கதைகளைச் சேகரிப்பது

அமெரிக்காவில் 2003-ல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பின் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரை உட்கார வைத்துச் சுமார் 40 நிமிடம் பேச விடுகிறார்கள். உடனிருக்கும் பணியாளர் பதிவைக் கவனித்துக்கொள்கிறார். பாட்டியிடம் பேத்தி கேட்கும்போது வரும் பதில், அருங்காட்சியக அடையாள அட்டை மாட்டிய நமக்கு வராது.

பொருளை, அல்லது அதன் படத்தையாவது, அவர்கள் முன்னால் வையுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். "இதை வீட்டில் எந்த இடத்தில் வைத்திருந்தீர்கள்? யாரைத் தொட விடமாட்டீர்கள்? ராத்திரியில் இதன் சத்தம் எதுவரை கேட்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நல்ல விஷயம் பல நேரம் அந்த இடைவெளியில்தான் வரும்.

ஒலிப்பதிவுக்கு நல்ல கைபேசி போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். முடிந்தால் பதிவுச் செயலியின் அமைப்புகளில் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் கோப்பு வகை), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலேயே பெயர், தேதி, இடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே வேறு இடத்தில் இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.

ஒப்புதலைப் பொத்தாம்பொதுவாக வாங்காதீர்கள். ஆவணமாகப் பாதுகாக்கலாமா, கூடத்தில் ஒலிக்க விடலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பேசி முடித்தபின் கேட்பது நல்லது. என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரியும். பின்னாளில் மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

படி 3: கிளை பிரியும் கதை

பார்வையாளர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்ப வழி மாறுகிற கதை இது. கணினியைத் திறக்காதீர்கள், முதலில் காகித அட்டைகள். ஒரு தொடக்க அட்டை, அதிலிருந்து இரண்டு மூன்று வழிகள், ஒவ்வொரு வழிக்கும் ஒரு முடிவு. முதல் கதைக்கு இதற்கு மேல் வேண்டாம்.

பார்வையாளர் முன்னால் வைக்கிற தேர்வு, பதிவில் பேசியவர் நிஜமாகவே சந்தித்த ஒரு முடிவாக இருக்க வேண்டும். "மேலும் அறிய இங்கே அழுத்தவும்" என்பது தேர்வே இல்லை. "விடிவதற்குள் இரண்டு உடைகள் முடிக்க வேண்டும். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. யாருடையதை முதலில் தைப்பீர்கள்?" இது தேர்வு. தேர்ந்தெடுத்ததும், அவர் அன்று என்ன செய்தார் என்பதை அவர் குரலிலேயே கேட்க விடுங்கள். சரி, தவறு என்று மதிப்பெண் போட வேண்டாம்.

இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிஜ மனிதர் சொல்லாததை அவர் வாயில் வைக்கக் கூடாது. இணைப்பு வரிகள் நீங்கள் எழுதியவை என்றால் வேறு நிறத்தில் அச்சிடுங்கள். கலவரம், வெளியேற்றம் போன்ற துயரங்களில் பாதிக்கப்பட்டவராகப் பார்வையாளரை "விளையாட" வைக்கவும் கூடாது. அங்கே கேட்பது மட்டுமே அவர் வேலை.

அட்டைகளை நான்கைந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தபின் இப்படிக் கிளை பிரியும் கதைகளைக் கணினியில் உருவாக்க உதவும் ட்வைன் (Twine) மென்பொருளுக்குப் போகலாம். இலவசம், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கதை ஒரே எச்டிஎம்எல் (இணையப் பக்க) கோப்பாகக் கிடைக்கும், இணையம் இல்லாமலும் உலாவியில் ஓடும். ஒலிக்கோப்புகளை மட்டும் அதன் பக்கத்தில் தனியாக வைத்து இணைக்க வேண்டும்.

படி 4: கூடத்தில் வைப்பது

விளக்க அட்டை 75 சொற்களைத் தாண்ட வேண்டாம். கதையைக் கைபேசியில் திறக்க கியூஆர் கோடு வைத்தால், ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்கட்டும்: ஒரு மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்து வடிவம் அவசியம். கைபேசி இல்லாதவர்களுக்கு அந்தக் காகித அட்டைகளையே ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள்.

படி 5: பதிலுக்கு இடம்

"உங்கள் கருத்து என்ன?" என்று எழுதி வைத்தால் "அருமை" என்று எழுதிவிட்டுப் போவார்கள், அவர்கள் மேல் குறை இல்லை. யாராலும் பதில் சொல்ல முடிகிற, ஆனால் அவரவரால் மட்டுமே சொல்ல முடிகிற கேள்வி வேண்டும். "உங்களுக்காக ஒருவர் கையால் தைத்த உடை ஒன்றைச் சொல்லுங்கள். தைத்தது யார்?" எட்டு வயதுக் குழந்தையும் இதற்கு எழுதும், எண்பது வயதுக்காரரும் எழுதுவார்.

இரண்டு மூன்று வரிக்கு மட்டும் இடமுள்ள சின்ன அட்டை, பென்சில், மாட்ட ஒரு கயிறு. வெறும் கயிற்றில் முதல் ஆளாக எழுத யாரும் துணிய மாட்டார்கள், அதனால் ஒலிப்பதிவுக்கு வந்தவர்களிடமே முதல் சில அட்டைகளை எழுதி வாங்கித் தொங்கவிடுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் உட்கார்ந்து படியுங்கள். "அந்த மிதி தேய்ந்தது அப்படி இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால் விசாரியுங்கள். சரி என்றால் விளக்க அட்டையைத் திருத்தி, திருத்திய தேதியையும் ஒரு பார்வையாளர் சொன்னதால் மாறியது என்பதையும் அதிலேயே போடுங்கள். இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்லி, எது சரி என்று தீர்க்க முடியவில்லையா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் அதன்பின் வாய் திறக்க மாட்டார்.

படி 6: திருப்பிக் கொடுப்பது

பேசியவர்களுக்குப் பதிவின் பிரதியைக் கொடுங்கள், கூடம் திறக்கும் முன் முதல் பார்வையாளராக அவர்களை அழையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பதில் அட்டைக்கும் அந்தப் பொருளின் பதிவேட்டு எண்ணையே கொடுத்து வையுங்கள். நாளை வேறொருவர் அந்த எண்ணை எடுத்தால் எல்லாக் குரல்களும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

இரண்டாவது பொருளை அலுவலக மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். கயிற்றில் தொங்கும் அட்டைகளில் திரும்பத் திரும்ப எந்தப் பொருள் வருகிறது என்று பாருங்கள், அதை எடுங்கள்.