ஜனவரியில் ஃபுளோரிடா பயணமா? தண்ணீர் ரைடுகளை முதலில் பாருங்கள்

ஜனவரி, பிப்ரவரியில் ஆர்லாண்டோ தீம் பார்க்குகளுக்குப் போவதாக இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் பராமரிப்புக்காக மூடப்படும் ரைடுகளின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். முக்கியமாகத் தண்ணீர் ரைடுகள். குளிரில் நனைய ஆள் குறைவு என்பதால் அவற்றுக்கு அப்போதுதான் ஓய்வு. டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் உள்ள காளி ரிவர் ரேப்பிட்ஸ் என்ற மிதவை ரைடு பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில்தான் மூடும். கால்வாயை முழுக்க வடித்து, பாசி சுரண்டி, விரிசல் அடைத்து, பம்புகளைக் கழற்றிப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். டிஸ்னியின் இரண்டு நீர்ப்பூங்காக்களில் ஒன்றை மட்டும் குளிர்காலத்தில் திறந்து வைப்பதும் வழக்கம்.

கோடையில் இந்த வேலையைச் செய்ய முடியாதா? பள்ளி விடுமுறைக் கூட்டம் ஒரு பக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலானால் இடி மழை. அடித்த பெயின்ட் காய வேண்டாமா!

ஒஹாயோவின் சீடார் பாயிண்ட் கதை வேறு. பனி கொட்டும் மாதங்களில் பூங்காவே மூடியிருக்கும். ரோலர் கோஸ்டர் பெட்டிகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய் சக்கரம் சக்கரமாகப் பிரித்துச் சோதிப்பார்கள். மே மாதம்தான் திறப்பு.

பிள்ளைகள் தண்ணீர் ரைடுக்காகவே ஏங்குகிறார்கள் என்றால் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். தேதிகள் மாறக்கூடும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் மறுபடி பாருங்கள்.