பிரஷ்லெஸ் மோட்டாருக்கு எந்த மைக்ரோகண்ட்ரோலர்?

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வழி கேட்டு வரும் மாணவர்கள் "எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேண்டும் சார்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் மோட்டாரைப் பற்றிக் கேட்பேன். எத்தனை காந்தம், உச்ச வேகம் எவ்வளவு? சிப் அதற்கப்புறம்.

ட்ரோனில் வரும் 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டாரில் பொதுவாக 14 காந்தங்கள், அதாவது 7 ஜோடி. 11.1 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை போகும். 7ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் மின் அதிர்வெண் ஏறக்குறைய 1,300 ஹெர்ட்ஸ். ஹோவர்போர்டு சக்கர மோட்டாரில் 15 ஜோடி. 600 சுற்றில் ஓடினாலும் 150 ஹெர்ட்ஸ்தான். 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (மின்னழுத்தத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து அதன் சராசரியைக் கட்டுப்படுத்தும் முறை) வைத்தால், ஒரு மின் சுற்றுக்குள் முதலாவதில் 15 முறைதான் கணக்குப் போட முடியும், இரண்டாவதில் 130 முறைக்கு மேல். முதல் ப்ராஜெக்டுக்கு ஹோவர்போர்டு மோட்டாரை நான் சொல்வது இதனால்தான். காந்தங்கள் எங்கே நிற்கின்றன என்று சொல்லும் ஹால் சென்சாரும் உள்ளேயே இருக்கும்.

ஹால் சென்சாரைப் பார்த்து ஆறு படிகளில் மாற்றி ஓட்டுவது மட்டும் போதும் என்றால் சாதாரண சிப்பே தாங்கும். எஃப்ஓசி (ரோட்டரின் கோணத்துக்கேற்ப மின்னோட்டத்தைச் சீராகக் கட்டுப்படுத்தும் முறை) வேண்டும் என்றால் டேட்டாஷீட்டில் டைமர் பகுதியைத் திறங்கள். மூன்று ஜோடி எதிரெதிர் பிடபிள்யூஎம் வெளியீடு, அவற்றுக்கு நடுவே வன்பொருளே போடும் டெட் டைம் (இரண்டும் அணைந்திருக்கும் சிறு இடைவெளி), இரண்டும் இருக்கிறதா? மோட்டாரின் ஒரே ஃபேஸை (மூன்று கம்பிகளில் ஒன்றை) ஓட்டும் மேல் மாஸ்ஃபெட் சுவிட்சும் கீழ் மாஸ்ஃபெட் சுவிட்சும் ஒரு கணம் சேர்ந்து ஆன் ஆனால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். இந்தப் பாதுகாப்பை மென்பொருளை நம்பி விடவே கூடாது. பிரேக் இன்புட்டும் அப்படித்தான். மின்னோட்டம் எல்லை மீறியதும், இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் கம்பேரேட்டரே நேராக டைமரை அணைக்க வேண்டும். உங்கள் நிரல் எங்கேயாவது மாட்டி நின்றிருந்தாலும் அது வேலை செய்யும்.

அடுத்தது ஏடிசி, அதாவது அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி. கீழ்ப்பக்க ஷண்ட்டில் (மின்னோட்டம் அளக்க வைக்கும் சிறு ரெசிஸ்டர்) மின்னோட்டத்தைக் கீழ் மாஸ்ஃபெட்கள் ஆன் ஆகியிருக்கும்போதுதான் அளக்க முடியும். ஆகவே அளக்கும் தருணத்தை டைமரே சொல்ல வேண்டும், இரண்டு ஃபேஸையும் ஒரே நேரத்தில் எடுக்க இரண்டு ஏடிசி வேண்டும். மூன்றாவது ஃபேஸ் கழித்தலில் வந்துவிடும். அர்டுயினோ ஊனோ இங்கேதான் தோற்கிறது: வழக்கமான அமைப்பில் ஒரு அனலாக் அளவுக்கு 100 மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகிறது, 20 கிலோஹெர்ட்ஸில் முழுச் சுற்றே 50 மைக்ரோ விநாடிதான்.

என் தேர்வு எஸ்டிஎம்32ஜி431. 170 மெகாஹெர்ட்ஸ், மிதவைப் புள்ளிக் கணக்கு, சைன் கொசைனைத் தனியாகப் போடும் கார்டிக், இரண்டு ஏடிசி, மூன்று ஆப்-ஆம்ப், நான்கு கம்பேரேட்டர் எல்லாம் உள்ளேயே. ஷண்ட்டுக்கு வெளியே தனி ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டியதில்லை; போர்டு சின்னதாகிறது. பழைய எஸ்டிஎம்32எஃப்103யும் கெட்டதில்லை. பல ஹோவர்போர்டு பலகைகளில் அதுவோ அதற்கு இணையான சிப்போதான் இருக்கிறது. ஆனால் மிதவைப் புள்ளி வன்பொருள் இல்லாததால் முழு எண்ணில் கணக்குப் போடப் பொறுமை வேண்டும்.

ஈஎஸ்பி32வில் மோட்டாருக்கென்றே எம்சிபிடபிள்யூஎம் என்ற பிடபிள்யூஎம் பகுதி இருக்கிறது, டெட் டைமும் உண்டு. அதன் ஏடிசி நேர்கோட்டில் அளப்பதில்லை. அதனால் கோணத்தை அளக்கும் என்கோடர் வைத்து, மின்னோட்டத்தை அளக்காமல் மின்னழுத்த முறையில் மெதுவாக ஓட்டும் கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும்) மோட்டாருக்கு நன்றாகவே பொருந்தும். நல்ல மின்னோட்டக் கட்டுப்பாட்டுக்கு நான் எடுக்க மாட்டேன். விலை பார்த்து ஈஎஸ்பி32-சி3 வாங்கிவிடாதீர்கள், அதில் எம்சிபிடபிள்யூஎம்மே கிடையாது.

சிப்பைத் தனியாக வாங்கும் முன் ஜி431 நியூக்ளியோ சோதனைப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின்களை ஒதுக்கிப் பார்க்கும் மென்பொருளான கியூப்எம்எக்ஸில் ஆறு பிடபிள்யூஎம் பின், ஆப்-ஆம்ப் பின்கள், ஹால் மூன்று, பிரேக், யுஆர்ட் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மோதாமல் வைத்துப் பாருங்கள். சிறிய பேக்கேஜில் ஆப்-ஆம்ப் பின்னும் ஹால் பின்னும் ஒரே காலுக்குப் போட்டி போடலாம். எல்லாம் உட்கார்ந்தால் மாஸ்ஃபெட் எதையும் இணைக்காமல், ஆறு வெளியீட்டையும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்து டெட் டைமை அளந்துவிடுங்கள். பிசிபிக்கு ஆர்டர் கொடுப்பது அதற்குப் பிறகு.